கரை தெரியாவிட்டாலும் ஏன் நீந்த வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். மூன்று முறை எழுதியும் கிடைக்கவில்லை. வீட்டில் அப்பா படுத்த படுக்கை. பௌத்தம் பற்றிக் கொஞ்சம் வாசித்தபோது, ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்று பார்த்தீர்கள். “அப்படியானால் புத்தர் என்னை முயற்சியை விட்டுவிடச் சொல்கிறாரா? இல்லை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு தொடர்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது, நிறையவே. ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் ‘போராடு, ஜெயிப்பாய்’ என்ற குரலில் அது இருக்காது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆசை விஷயம். இதே சந்தேகம் புத்தர் காலத்திலேயே ஒருவருக்கு வந்திருக்கிறது. உண்ணாபர் என்ற பிராமணர், கோசாம்பி நகரத்தில் கோசிதாராமம் என்ற தோட்ட மடத்தில் தங்கியிருந்த, புத்தரின் சீடர் ஆனந்தரைத் தேடிப் போகிறார். “நீங்கள் எதற்காகத் துறவு வாழ்க்கை வாழ்கிறீர்கள்?” என்று கேட்கிறார். “விருப்பத்தை விடுவதற்காக” என்கிறார் ஆனந்தர். “அதற்கு வழி?” ஆனந்தர் சொல்லும் வழியில் முதலில் வருவதே விருப்பம்தான், அடுத்தது முயற்சி. உண்ணாபர் உடனே பிடித்துக்கொள்கிறார்: “விருப்பத்தை வைத்து விருப்பத்தை விடுவதா? அப்படியானால் இதற்கு முடிவே இருக்காதே!”

ஆனந்தரின் பதில் மிக எளிமையானது. “இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முன்பு இருந்ததா?” “இருந்தது.” “வந்து சேர்ந்த பிறகு?” “அடங்கிவிட்டது.” “வருவதற்கான முயற்சி இருந்ததா?” “இருந்தது. வந்ததும் அதுவும் அடங்கிவிட்டது.” அவ்வளவுதான் உரையாடல்.

நடக்க வைக்கும் விருப்பம் வேறு, எரிக்கும் தாகம் வேறு. இரண்டாவதை, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் தண்ஹா என்பார்கள். மணிமேகலைக் காப்பியம் அதை ‘வேட்கை’ என்று தமிழாக்கியிருக்கிறது. புத்தர் விடச் சொன்னது அதை. முதலாவதை விடச் சொல்லவில்லை. விட்டால் ஒரு அடிகூட நகர முடியாது. நீங்கள் தேர்வுக்குப் படிப்பது வேட்கையா, விருப்பமா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு என்று நான் நினைக்கிறேன். புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மனசு பாடத்தில் இருக்கிறதா, அல்லது முடிவு வெளியாகும் நாளிலும் சொந்தக்காரர்கள் முகத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். பாடத்தில் இருந்தால் அது நடக்க வைக்கிறது. மற்றது எரிக்கிறது.

சரி, இன்னொரு சந்தேகமும் இருக்கலாம்: இதெல்லாம் துறவிகளுக்குச் சொன்னதுதானே, சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எனக்கு என்ன? கோலியர் நாட்டைச் சேர்ந்த தீகஜாணு என்ற இல்லறத்தார் இதே கேள்வியோடு புத்தரிடம் போனார். “நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்துப் படுக்கிறவர்கள், சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் வாங்கிக்கொள்கிறவர்கள். எங்களுக்கு ஏற்றபடி சொல்லுங்கள்” என்றார். அவருக்குச் சொன்ன நான்கில் முதலாவதே முயற்சிதான்: எந்தத் தொழிலால் பிழைக்கிறாயோ அதில் திறமையோடும் சோம்பலின்றியும் இரு. அந்தத் தொழில்களின் பட்டியலில் உழவு, வணிகம், மாடு வளர்ப்பு, வில்வித்தை, கைத்தொழில் எல்லாம் வருகின்றன. ‘ராஜபோரிசம்’ என்று ஒன்றும் வருகிறது. அரசனுக்குப் பணி செய்வது, அதாவது அரசு வேலை. நீங்கள் தேடுவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது; அதற்காக முயல்வதைக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

முயற்சிக்குப் பாலியில் வீரியம் என்று பெயர். விடுதலைக்குத் துணையானவை என்று 37 அம்சங்களைப் பௌத்தம் தொகுத்து வைத்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அவற்றில் வெவ்வேறு பெயர்களில் 9 இடத்தில் வருவது இந்த வீரியம்தான். வேறு எதுவும் இத்தனை முறை வருவதில்லை. ‘எல்லாம் துன்பம், சும்மா இரு’ என்ற மதமாக அதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கையே போதும்.

ஆனால் எப்படிப்பட்ட முயற்சி? இங்கேதான் சோணரின் கதை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோணர் சம்பா நகரத்தவர். இன்றைய பீகாரில் பாகல்பூர் பக்கம். பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை. தரையில் கால் பாவாமல் வளர்ந்ததால் உள்ளங்காலில் முடி முளைத்திருந்ததாம். அதைப் பார்ப்பதற்கென்றே பிம்பிசார மன்னன் அவரை ராஜகிருகத்துக்கு வரவழைத்தான் என்று, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்கிறது. அங்கே வந்தவர் புத்தரின் பேச்சைக் கேட்டுத் துறவியாகிவிட்டார். பிறகு சீதவனம் என்ற இடத்தில் நடந்தபடியே தியானம் செய்ய ஆரம்பித்தார். பழக்கமில்லாத கால். தோல் கிழிந்தது. நிறுத்தவில்லை. அவர் நடந்த பாதை மாடு வெட்டும் இடம் மாதிரி ரத்தமாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் மனம் விடுதலை அடையவில்லை. சோணர் யோசித்தார்: “புத்தரின் சீடர்களில் கடுமையாக முயல்கிறவர்களில் நானும் ஒருவன். எனக்கே கிடைக்கவில்லை. வீட்டில்தான் செல்வம் இருக்கிறதே, திரும்பிப் போய் அதை அனுபவித்துக்கொண்டு நாலு நல்ல காரியம் செய்யலாமே.” மூன்றாவது முறை தேர்வு முடிவைப் பார்த்த அன்று உங்களுக்குத் தோன்றியதும் ஏறக்குறைய இதுதான் இல்லையா?

புத்தர் வந்தார். “இன்னும் முயல்” என்றும் சொல்லவில்லை, “உனக்கு முடியாது, போ” என்றும் சொல்லவில்லை. “வீட்டில் இருந்தபோது வீணை நன்றாக வாசிப்பாய் அல்லவா?” என்று கேட்டார். ஆமாம் என்றார் சோணர். “தந்தி மிகவும் முறுக்கேறி இருந்தால் நாதம் வருமா?” வராது. “தளர்ந்து தொங்கினால்?” அப்போதும் வராது. “இரண்டும் இல்லாமல் சுருதி சரியாகச் சேர்ந்திருந்தால்?” வரும். “முயற்சியும் அப்படித்தான். அளவுக்கு மீறினால் மனம் அலைபாயும்; குறைந்தால் சோம்பலாகும். சமமாக வைத்துக்கொள்.”

இந்தக் கதையைச் சொல்கிற பலர் ‘நடுவழி’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சோணருக்குத் தெரியாத தத்துவம் எதையும் புத்தர் சொல்லவில்லை. அவர் விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததைத்தான் ஞாபகப்படுத்தினார். சுருதி சேர்ப்பது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலையும் அல்ல. வெயில் ஏறினால் தந்தி இறங்கும். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் காதைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். தினம் எட்டு மணி நேரம் படிப்பேன் என்று ஜனவரியில் போட்ட திட்டம், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் சுருதி விலகிப்போன தந்தி. அதைத் திருப்பாமல் அப்படியே வாசித்துக்கொண்டிருப்பது மனவலிமை ஆகாது.

கதையின் கடைசிப் பகுதியைப் பலர் சொல்வதில்லை. சோணர் அதன்பின் முயற்சியைச் சமப்படுத்தி முழு விடுதலை அடைகிறார். அப்புறம் புத்தர் அவருக்குச் செருப்பு அணிய அனுமதி தருகிறார்! “நான் 80 வண்டிப் பொன்னை விட்டுவிட்டு வந்தவன், இப்போது செருப்புக்கு ஆசைப்பட்டேன் என்பார்கள், எல்லாத் துறவிகளுக்கும் அனுமதித்தால் நானும் போட்டுக்கொள்கிறேன்” என்கிறார் சோணர். அதன்படி துறவியர் சங்கம் முழுவதற்கும் செருப்பு அனுமதிக்கப்பட்டது. ரத்தம் வழிந்த காலுக்கு வெறும் உபதேசம் மட்டும் கிடைக்கவில்லை, செருப்பும் கிடைத்தது. உங்கள் விஷயத்தில் அந்தச் செருப்பு எது என்று யோசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளோ, மாற்றிக்கொண்ட ஒரு ஷிப்டோ இருக்கலாம். அதைக் கேட்டு வாங்குவதும் முயற்சியில் அடக்கம்.

பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதைத்தான் மன உறுதி என்று நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தர் அதையும் செய்து பார்த்தவர். பல்லோடு பல் சேர்த்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை நசுக்கியதாகவும் அப்போது அக்குளிலிருந்து வேர்வை ஊற்றியதாகவும் அவரே தம் தவக்காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அது வழி அல்ல என்று விட்டவர், பிறகு தொந்தரவு செய்யும் எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளைச் சொல்லும்போது இதை முற்றிலும் தள்ளவில்லை. ஐந்தாவதாக, கடைசியாக வைத்தார். முதல் வழி, பழைய மர ஆணியைப் புது ஆணியால் தச்சன் தட்டி வெளியேற்றுவது மாதிரி, கெட்ட எண்ணம் இருக்கும் இடத்தில் நல்ல எண்ணத்தை வைப்பது. அடுத்தது, அந்த எண்ணத்தால் வரும் கேட்டை நினைப்பது. மூன்றாவது, கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோல் அதைக் கவனிக்காமல் விடுவது.

நான்காவது எனக்கு நிறைய உதவியிருக்கிறது. வேகமாக நடக்கிற ஒருவன், “நான் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறேன்? மெதுவாகப் போனால் என்ன?” என்று கேட்டுக்கொள்கிறான். மெதுவாக நடக்கும்போது, “ஏன் நடக்க வேண்டும்? நிற்கலாமே.” நின்றபின், “உட்காரலாமே.” உட்கார்ந்தபின், “படுக்கலாமே.” இப்படிப் படிப்படியாக எண்ணத்தின் வேகத்தை இறக்குவது. ராத்திரி இரண்டு மணிக்கு ‘என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்று மனசு ஓடும்போது அதை நிறுத்த முடியாது. ஓட்டத்தை நடையாக்க முடியும். ‘வாழ்க்கை அவ்வளவுதான்’ என்பதை ‘இந்த வருடம் கிடைக்கவில்லை’ என்று இறக்கலாம். அதிலிருந்து ‘பொது அறிவுத் தாளில் மதிப்பெண் குறைந்தது’ என்று இறங்கலாம். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் செய்வதற்கு ஏதோ ஒன்று தெரியும்.

தூக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்; புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்குகிறது, எனக்கு உறுதி இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். மொகல்லானர் புத்தரின் இரண்டு தலைமைச் சீடர்களில் ஒருவர். அவரே தியானத்தில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்திருக்கிறார். புத்தர் அவருக்கு வரிசையாக உபாயங்கள் சொல்கிறார்: மனத்தில் வைத்திருக்கும் பொருளை மாற்று, கற்றதை யோசித்துப் பார், வாய்விட்டுச் சொல், காதை இழுத்து விடு, கைகாலைத் தேய், எழுந்து கண்ணை நீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் நினை, எழுந்து நட. இவ்வளவும் செய்தும் தூக்கம் போகவில்லை என்றால்? வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு, எழ வேண்டும் என்ற நினைவோடு படு, விழித்ததும் எழுந்துவிடு. இந்தப் பட்டியலின் கடைசி மருந்து தூக்கமே. தன் தலைமைச் சீடரிடம் ஒரு ஆசிரியர் இதைச் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு லேசாகிறது.

இதையே சாக்காக வைத்துக்கொள்ளாமல் இருக்க இன்னொரு போதனை உண்டு. சோம்பலுக்கான எட்டுத் தருணங்கள் என்று அதற்குப் பெயர். வேலை செய்ய வேண்டியிருக்கிறது, உடம்பு அசந்துவிடும், இப்போதே படுப்போம். வேலை முடிந்தது, அசதியாக இருக்கிறது, படுப்போம். பயணம் போக வேண்டும், படுப்போம். போய் வந்தாயிற்று, படுப்போம். சாப்பாடு போதவில்லை, தெம்பில்லை, படுப்போம். வயிறு முட்டச் சாப்பிட்டாயிற்று, உடம்பு உளுந்து ஊறினதுபோல் கனக்கிறது, படுப்போம். லேசாக உடம்பு சரியில்லை, படுப்போம். இப்போதுதான் காய்ச்சல் விட்டது, படுப்போம்.

ஊறின உளுந்தை அரைத்துப் பழகிய நமக்கு அந்தக் கனம் நன்றாகத் தெரியும். இந்தப் போதனையின் அழகு அடுத்த பாதியில் இருக்கிறது. முயற்சிக்கான எட்டுத் தருணங்கள் என்று அதே எட்டையும் புத்தர் திரும்பச் சொல்கிறார். சூழ்நிலை ஒன்றுகூட மாறவில்லை. வேலை வரப்போகிறது, வந்துவிட்டால் நேரம் இருக்காது, அதற்குள் கொஞ்சம் செய்வோம். சாப்பாடு குறைவு, அதனால் உடம்பு லேசாக இருக்கிறது. வயிறு நிறைந்தது, தெம்பு இருக்கிறது. நோய் கூடலாம், கூடுவதற்குள் செய்வோம். நோய் விட்டது, திரும்பி வரலாம், வருவதற்குள் செய்வோம்.

என் அம்மா பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் இந்த எட்டு வரிகளை ஒரு தாளில் எழுதி மருந்து அலமாரியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். தினம் கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சியை அம்மாவுக்குச் செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட ஒரு காரணம் தினமும் கிடைத்தது. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான், பொய்யில்லை. அந்தக் காரணத்தையே திருப்பிப் போட்டால் செய்வதற்கும் காரணமாகிவிடுகிறது என்று அந்தத் தாள்தான் எனக்குக் காட்டியது. சில நாட்கள் அப்போதும் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மொகல்லானரின் தூக்கத்துக்கும் இந்த எட்டுக்கும் முரண்பாடு இருக்கிறதா என்றால், இல்லை என்பேன். எல்லாம் முயன்ற பிறகு, எழும் நினைவோடு படுப்பது ஓய்வு. அலுப்பு வரப்போகிறதே என்று முன்கூட்டியே படுப்பது வேறு. எது எது என்று உங்கள் உடம்புக்குத் தெரியும்.

இப்போது கடல் கதைக்கு வருகிறேன். தலைப்பு இதிலிருந்துதான் வந்தது.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் மகாஜனகர் கதை ஒன்று. அஜந்தாவின் முதல் குகையில் சுவரோவியமாகவும் இருக்கிறது. மிதிலை அரசன் தம்பியால் கொல்லப்பட, கர்ப்பிணியான அரசி சம்பா நகரத்துக்குத் தப்பி வருகிறாள். சோணரின் ஊரும் சம்பாதான். அங்கே பிறந்து வளர்ந்த மகன் மகாஜனகர், இழந்த நாட்டை மீட்கப் பொருள் தேடிக் கப்பல் ஏறிச் சுவர்ணபூமிக்குப் புறப்படுகிறார். நடுக்கடலில் கப்பல் உடைகிறது.

எல்லோரும் அழுகிறார்கள், அவரவர் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். மகாஜனகர் அழவில்லை. கப்பல் மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும் சர்க்கரையும் நெய்யும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். துணியை எண்ணெயில் நனைத்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். பாய்மரத்தில் ஏறி, மிதிலை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தத் திசையில் குதிக்கிறார். பிறகு ஏழு நாள் நீந்துகிறார். பௌத்தர்களின் நோன்பு நாளான உபோசத நாள் என்று தெரிந்ததும் உப்பு நீரில் வாய் கொப்பளித்து நோன்பும் இருக்கிறார்.

அந்தக் கடலைக் காக்கும் தெய்வத்தின் பெயர் மணிமேகலை. ஆம், அதே பெயர்தான். கடலில் கலம் உடைந்து தவித்த கோவலனின் முன்னோரைக் காப்பாற்றிய தெய்வமும் இவள்தான். அந்த நன்றியில்தான் மாதவியின் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தார்கள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இன்றைக்கும் மின்னலை இவள் கையிலுள்ள மணியின் ஒளி என்று சொல்கிறார்கள். தாய்லாந்து மன்னர் பூமிபோல் மகாஜனகர் கதையைத் தாமே திரும்ப எழுதி 1996இல் வெளியிட்டார். ஒரே கடல், ஒரே தெய்வம், பூம்புகாரிலிருந்து பாங்காக் வரை.

அவள் ஏழு நாள் கடலைக் கவனிக்காமல் இருந்துவிட்டாள் என்று கதை சொல்கிறது. ஏழாம் நாள் வந்து பார்த்து, நீந்துகிறவரிடம் கேட்கிறாள்: “கரையே தெரியவில்லை. யாரை நம்பி, எதற்காக இப்படி நீந்துகிறாய்?” அவர் சொல்வதன் சாரம்: உலகத்தில் செய்ய வேண்டியது எது என்றும், முயற்சியின் பலன் எது என்றும் யோசித்துப் பார்த்தேன். அதனால் கரை தெரியாவிட்டாலும் நீந்துகிறேன். “ஆழம் தெரியாத கடல் இது. கரை சேர்வதற்குள் செத்துப்போவாய், உன் முயற்சி வீண்” என்கிறாள். “முயன்றபடியே செத்தால் உறவினருக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் நான் கடன்பட்டவன் ஆகமாட்டேன். பின்னால் வருந்தவும் வேண்டியதில்லை” என்கிறார். கடைசியாக ஒன்று சொல்கிறார்: “என் முயற்சியின் பலன் உன் கண் முன்னாலேயே இருக்கிறதே. மற்றவர்கள் மூழ்கிவிட்டார்கள். நான் நீந்திக்கொண்டிருக்கிறேன், உன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டும் இருக்கிறேன்.”

தெய்வம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மிதிலையின் மாந்தோப்பில் சேர்க்கிறது. பிறகு அரசராகிறார்.

‘விடாமல் முயன்றால் தெய்வம் காப்பாற்றும்’ என்பதுதான் கதை என்று பலர் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. தெய்வம் வரும் என்று அவருக்குத் தெரியாது. ‘வீண்’ என்று தெய்வமே சொன்ன பிறகும் நீந்துவதற்கான காரணம் அவரிடம் முழுமையாக இருந்தது. கரை சேர்வதை வைத்து அவர் முயற்சியை அளக்கவில்லை. இன்றும் உயிரோடு இருக்கிறேன், நீந்துகிறேன், பேசுகிறேன் என்பதையே பலனாக எண்ணினார். மூன்று முறை எழுதிக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். இந்த மூன்று முறையில் நீங்கள் படித்த வரலாறும் அரசியலமைப்பும் உங்களை விட்டுப் போய்விட்டதா? அப்பாவைக் கவனித்துக்கொண்டே படிக்க முடிகிறது என்று உங்களுக்கே தெரிந்ததே, அது?

அவர் குதிப்பதற்கு முன் செய்ததையும் விட்டுவிடக் கூடாது: நெய், எண்ணெய்த் துணி, திசை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர் இல்லை. ஆகவே ஒன்றைக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் படித்தீர்களா? எந்தத் தாளில், எந்தப் பகுதியில் குறைந்தது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா? அதையே திரும்பச் செய்வது விடாமுயற்சி போலத் தோன்றும். திசை பார்க்காமல் நீந்துவதும் அப்படித்தான் தோன்றும்.

எப்போது விடுவது என்ற கேள்வி இதோடு சேர்ந்தே வரும். புத்தர் ஆறு வருடம் உடம்பை வாட்டினார். விலா எலும்பு தெரியும்வரை பட்டினி கிடந்தார். பிறகு, இது வழி அல்ல என்று கண்டார். சிறு வயதில் நாவல் மர நிழலில் உட்கார்ந்தபோது தானாக வந்த அமைதி ஞாபகத்துக்கு வந்தது. சோறு சாப்பிட்டார். உடனிருந்த ஐந்து பேரும் ‘இவன் சுகத்துக்குத் திரும்பிவிட்டான்’ என்று வெறுத்து விலகிப் போனார்கள். அவர் விட்டது ஆறு வருட வழியை, தேடியதை விடவில்லை. உங்களுக்கு ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ வேறு வேலைதான் சரி என்று தோன்றினால், பார்க்கிறவர்கள் தோற்றுவிட்டான் என்பார்கள். அந்த ஐந்து பேரும் அப்படித்தான் சொன்னார்கள். பிற்பாடு சாரநாத்தில் அவருடைய முதல் பேச்சைக் கேட்டவர்களும் அவர்களே.

முன்னேற்றமே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் ஓர் உவமை இருக்கிறது, மரம் செதுக்கும் தச்சனின் வாய்ச்சி பற்றியது. பாலியில் அதற்கு ‘வாசி’ என்றுதான் பெயர். வாய்ச்சியின் கைப்பிடியில் தச்சனுடைய விரல்களும் கட்டைவிரலும் பதிந்த தடம் தெரியும். ஆனால் இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவனுக்குத் தெரியாது. தேய்ந்த பிறகு, தேய்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். மனப்பயிற்சியும் அப்படித்தான் என்கிறார் புத்தர். எங்கள் ஊரில் ஒரு வயதான ஆசாரியின் வாய்ச்சியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவர் விரல் இருக்கும் இடம் குழிந்திருந்தது, என் விரல் அதில் பொருந்தவில்லை. நாற்பது வருடமாகப் பிடித்த கை அது. எந்த நாளில் குழிந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தர் காலத்துப் பிக்குணிகள், அதாவது பெண் துறவிகள், பாடிய பாடல்களைத் தொகுத்துத் தேரிகாதை என்று வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பாடலைப் பாடியவரின் பெயரே இல்லை. ‘ஒரு பிக்குணி’ என்று மட்டும் இருக்கிறது. துறவு பூண்டு 25 வருடம் ஆகியும் விரல் சொடுக்கும் நேரத்துக்குக்கூட மன அமைதி கிடைக்கவில்லை என்று பாடுகிறார். கைகளைத் தூக்கி அழுதபடி விகாரத்துக்குள் போனேன் என்கிறார். 25 வருடம்! அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றுதான். தனக்கு நம்பிக்கையான இன்னொரு பிக்குணியிடம் போனார். அவர் சொன்னதைக் கேட்டு ஓரமாக உட்கார்ந்தார். அந்தப் பாடலின் முடிவில் அவர் விடுதலை அடைந்தவர்.

நல்ல நட்பு இந்த வாழ்க்கையில் பாதி என்று ஆனந்தர் ஒருமுறை சொன்னபோது புத்தர் தடுத்தார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, அது முழுவதும் என்றார். உங்கள் கேள்வி முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். அதில் அப்பா இருக்கிறார், மேலாளர் இருக்கிறார், கேலி பேசும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நீங்கள் நம்பிப் பேசக்கூடிய ஒருவர்கூட அதில் வரவில்லை. பழைய ஆசிரியரோ, உங்களோடு படித்து இப்போது வேலையில் இருக்கும் நண்பரோ, அத்தையோ, யாராவது இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு மணி நேரத்துக்கு யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள். தேர்வைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. போய் உட்கார்ந்தால் போதும்.